5ஈ புத்தகம் எழுதப் போகிறீர்களா? ஓஜிஎல், ஓர்க், சிசி பை: எது தலைவலி குறைவு

அடுத்தவர் உருவாக்கிய டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) விதிகளின் மேல் ஒரு சாகசக் கதையோ மான்ஸ்டர் தொகுப்போ எழுதி விற்க நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் மூன்று உரிமங்கள் நிற்கின்றன: பழைய ஓஜிஎல் (ஓப்பன் கேம் லைசென்ஸ்) 1.0ஏ, பாத்ஃபைண்டர் விளையாட்டை வெளியிடும் பைசோ முன்னெடுத்த ஓர்க், கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பை 4.0. 5ஈ, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் பக்கம் எழுதுபவருக்கு என் ஓட்டு சிசி பைக்குத்தான். அதற்குக் காரணம் கொள்கைப் பற்று அல்ல, பராமரிப்பு வேலை.

பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். மூன்றிலும் ராயல்டி இல்லை, மூன்றிலும் காசுக்கு விற்கலாம், மூன்றுமே டிரேட்மார்க்கைத் தருவதில்லை. பகடை உருட்டி எண்ணைக் கூட்டும் முறைக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது, அதை விளக்கி எழுதிய வாசகத்துக்குத்தான் உண்டு. அந்த வாசகத்தைப் பயமில்லாமல் அப்படியே எடுத்தாளத்தான் உரிமம்.

ஓஜிஎல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000-இல் வெளியிட்டது. நிரந்தரம் என்று அதில் எழுதியிருக்கிறது, திரும்பப் பெற முடியாது என்று எழுதவில்லை. அந்த ஓட்டைதான் 2023 ஜனவரியில் வெடித்தது. கசிந்த 1.1 வரைவில் ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால் மேற்கொண்டு வருவதில் 25 சதவீதம் வரை ராயல்டி கேட்டிருந்தார்கள். பழைய உரிமம் இனிச் செல்லாது என்றும் சொல்லப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஜனவரி 27 அன்று பின்வாங்கி, ஓஜிஎல்லை அப்படியே விட்டதோடு எஸ்ஆர்டி 5.1 (5ஈயின் அடிப்படை விதிகளைத் திறந்து தரும் ஆவணம்) முழுவதையும் சிசி பையிலும் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றாட வேலையில் ஓஜிஎல் எப்படிக் கழுத்தறுக்கும் என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அதன் 15-ஆம் பிரிவைப் பாருங்கள். நீங்கள் எடுத்த ஒவ்வொரு மூலத்தின் பதிப்புரிமை வரியையும் அட்சரம் பிசகாமல் சேர்க்க வேண்டும். அந்த மூலம் வேறு ஐந்து புத்தகங்களிலிருந்து எடுத்திருந்தால் அந்த ஐந்து வரிகளும் கூடவே வரும். பாத்ஃபைண்டர் முதல் பதிப்பின் பெஸ்டியரி (மிருகத் தொகுப்பு) புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் புரியும். டோம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற வேறொரு தொகுப்பிலிருந்து வந்த ஒவ்வொரு மிருகத்துக்கும் பெயர், ஆண்டு, ஆசிரியர் என்று தனித்தனி வரி, அனுமார் வால் மாதிரி. போதாததற்கு உரிமத்தின் முழு வாசகமும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும். எது திறந்த உள்ளடக்கம், எது உங்கள் தனிச்சொத்து என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். தவறைத் தெரிந்துகொண்ட 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் உரிமம் போய்விடும். பிடிஎஃப் என்றால் திருத்திவிடலாம், அச்சடித்து அட்டைப்பெட்டியில் கிடக்கும் பிரதிகளை என்ன செய்வது? 7-ஆம் பிரிவு இன்னொரு வில்லங்கம். தனி ஒப்பந்தம் இல்லாமல், அடுத்தவர் டிரேட்மார்க்கைச் சொல்லி ‘இதனோடு ஒத்துப்போகும்’ என்று போட முடியாது.

சிசி பையில் எஸ்ஆர்டி 5.1-ஐ எடுத்தால் வேலை ஒரு பத்திதான். எஸ்ஆர்டியின் முதல் பக்கத்திலேயே நன்றி வாசகம் எழுதித் தந்திருக்கிறார்கள். அதை அப்படியே உங்கள் விவரப் பக்கத்தில் ஒட்டி, மாற்றம் செய்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. அதற்கு மேல் விசார்ட்ஸ் பெயரை வேறெங்கும் நன்றியாகப் போடாதீர்கள், அவர்களே வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அட்டையில் ‘5ஈ கம்பாட்டிபிள்’ என்று போடலாம், அதற்கும் அங்கேயே அனுமதி இருக்கிறது. நீங்கள் சொந்தமாக எழுதியது உங்களுடையதே, யாருக்கும் திறந்துவிட வேண்டிய கட்டாயமில்லை. உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. 2025-இல் வந்த எஸ்ஆர்டி 5.2-உம் சிசி பைதான். ஆனால் அது வேறு ஆவணம், இரண்டிலிருந்தும் எடுத்தால் இரண்டு நன்றி வாசகமும் வேண்டும்.

இதில் ஆட்கள் சறுக்குவது எஸ்ஆர்டியின் எல்லையில். 5ஈயின் முதன்மை விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இருப்பதெல்லாம் எஸ்ஆர்டியில் இல்லை. 5.1-இல் ஒரு வகுப்புக்கு (பாத்திரத்தின் தொழில்) ஒரே ஒரு சப்கிளாஸ் (அதன் கிளை), பின்னணி என்றால் அகோலைட் மட்டும், ஃபீட் (சிறப்புத் திறன்) என்றால் கிராப்ளர் மட்டும். மந்திரங்களின் பெயரும் மாறும். மந்திரவாதி ஒருவருக்கு ஸ்டாட் பிளாக் (திறன்களும் எண்களும் அடங்கிய கட்டம்) எழுதும்போது கைப்பழக்கத்தில் ‘மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோ’ என்று தட்டிவிடுவோம், எஸ்ஆர்டியில் அது வெறும் ‘ஆசிட் ஆரோ’. பிக்பியின் கை அங்கே ‘ஆர்கேன் ஹேண்ட்’. அச்சுக்குப் போகும் முன் மந்திரப் பட்டியல்களை எஸ்ஆர்டி பிடிஎஃப்பில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. எடுத்த பகுதியை வாசகர் பயன்படுத்த முடியாதபடி டிஆர்எம் பூட்டுப் போடுவதற்கும் சிசி பையில் தடை உண்டு.

ஓர்க் எங்கே நிற்கிறது? அசோரா லா என்ற சட்ட நிறுவனம் எழுதி, 2023 நடுவில் இறுதி வடிவம் வந்தது. இதுவும் திரும்பப் பெற முடியாதது. இதன் நல்ல குணம், விதிகள் தானாகவே திறந்தவை, கதை, பாத்திரங்கள், உலகம், ஓவியம், டிரேட்மார்க் எல்லாம் தானாகவே உங்களுடையவை. கோடு போட்டுப் பிரிக்கும் வேலையில்லை. ஆனால் அதே குணம்தான் சிக்கலும். ஓர்க்கில் எடுத்து எழுதினால் நீங்கள் புதிதாக உருவாக்கிய ஃபீட், மந்திரம், ஸ்டாட் பிளாக் எல்லாம் பொதுவில் போகும், மறுக்க முடியாது. மூலங்களுக்கான நன்றிக் குறிப்பையும் ஒழுங்காகத் தொகுக்க வேண்டும், ஓஜிஎல் அளவுக்கு மோசமில்லை. ரீமாஸ்டர் செய்த பாத்ஃபைண்டருக்கோ கேயோசியம் நிறுவனத்தின் பேசிக் ரோல்பிளேயிங் விதிகளுக்கோ எழுதுபவர் ஓர்க்கில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

சொந்தமாக ஒரு விளையாட்டு முறையையே உருவாக்கி, மற்றவர்கள் செய்யும் மாற்றமும் பொதுவில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் கணக்கு மாறும். அங்கே ஓர்க் சிசி பையை விட நன்றாகப் பொருந்தும் என்றே தோன்றுகிறது. மாற்றி எழுதுபவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்னும் சிசி பை-எஸ்ஏவும் உண்டு, ஆனால் அது விதியோடு பின்னிக் கிடக்கும் கதையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இந்த இடத்தில் நான் உறுதியாகப் பேசமாட்டேன், என் பார்வை அடுத்தவர் விதிமேல் சின்னப் புத்தகம் போடுபவருடையது.

உங்கள் விதிகளைச் சிசி பையில் திறப்பதாக இருந்தால் முழுப் புத்தகத்தின்மேல் அந்த முத்திரையைக் குத்திவிடாதீர்கள். அட்டை ஓவியரோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம் அதற்கு இடம் தராது, கொடுத்ததை வாங்கவும் முடியாது. ஓவியம், உலகப் பெயர்கள், கதைப் பகுதிகளை நீக்கிய தனிக் கோப்பாக ஒரு எஸ்ஆர்டி தயாரித்து, அதற்கு மட்டும் உரிமம் கொடுங்கள்.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற விசார்ட்ஸின் உலகமே வேண்டும் என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. டிஎம்ஸ் கில்ட் என்ற இணைய விற்பனைத் தளம்தான் வழி, அங்கே ஆசிரியருக்கு 50 சதவீதம், அந்தப் படைப்பை வேறெங்கும் விற்கவும் முடியாது.

ஓஜிஎல் மட்டும் உள்ள பழைய புத்தகத்து மிருகத்தைப் பெயர் மாற்றி சிசி பை புத்தகத்துக்குள் நுழைப்பதும் நடக்காத காரியம். அதே மிருகம் எஸ்ஆர்டி 5.1-இலும் இருந்தால், அங்குள்ள வாசகத்தை மட்டும் எடுங்கள். எழுதத் தொடங்கும் நாளிலேயே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஒவ்வொரு ஸ்டாட் பிளாக்குக்கும் மந்திரத்துக்கும் எதிரே எந்த ஆவணம், எந்தப் பக்கம், எந்த உரிமம் என்று மூன்று பத்திகள் போட்டு வைத்தால், லேஅவுட் முடிந்தபின் உட்கார்ந்து தோண்ட வேண்டியிருக்காது.