ஸ்மார்ட் கண்ணாடியை யார் அணைப்பது: மணியா, பிளக்கா, சென்சாரா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் ஸ்மார்ட் கண்ணாடி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய 22 அங்குல மானிட்டர், அதன் முன்னால் இருவழி அக்ரிலிக் கண்ணாடி, பின்னால் மேஜிக்மிரர் என்ற மென்பொருள் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி (இனி 'பை'). மணி என்ன, மழை வருமா, செம்பனை ஆலையில் அண்ணனுக்கு இந்த வாரம் எந்த ஷிப்ட், தங்கச்சிக்குப் பள்ளி லீவு எப்போது, இவ்வளவுதான் காட்டும். இதைத் தானாக எரியவும் அணையவும் வைக்க எது நல்லது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. நான் போட்டிருப்பது ஹெச்சி-எஸ்ஆர்501 என்ற பிஐஆர் சென்சார், உடல் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தை உணர்வது. பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பாடு என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். இந்த அளவு மானிட்டர் சுமார் 20 வாட் இழுக்கும்; நாள் முழுக்க எரிந்தால் மாதத்துக்கு 14, 15 யூனிட். 2025 ஜூன் வரை இருந்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.8 சென். ஆக, மூன்று வெள்ளிச் சொச்சம். உண்மையான தொல்லை வெளிச்சம். எல்சிடி திரையில் கறுப்பு முழுக் கறுப்பு இல்லை, பின்விளக்கு கசியும். பகலில் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்தால் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் நிற்கும். கூடத்தில் படுக்கும் அத்தை, "ஏன்பா, இது தூங்கவே தூங்காதா?" என்று கேட்டுவிட்டார்.

டிவியைத் திரையாக வைத்தவர்களுக்கு எச்டிஎம்ஐ-சிஇசி இருக்கிறது. கேபிள் வழியாகவே அணைக்கலாம். கணினி மானிட்டரில் பெரும்பாலும் அது கிடையாது. பக்கத்தை மட்டும் கறுப்பாக்குவது அணைப்பதில் சேராது. மிச்சம் இருப்பவை மூன்று: கிரானில் (குறித்த மணிக்கு ஆணையை ஓட்டும் பையின் வசதி) நேரம் குறித்து வைப்பது, வைஃபையில் இயங்கும் ஸ்மார்ட் பிளக், ஆள் வந்தால் உணரும் சென்சார்.

கிரானுக்குக் காசு செலவில்லை. காலை 6 மணிக்கு எரி, 8 மணிக்கு அணை என்று இரண்டு வரி போதும். எல்லாருக்கும் ஆபீஸ் நேரம் உள்ள வீட்டில் அழகாக ஓடும். எங்கள் வீட்டில் அப்பா பால்மரம் சீவ விடியுமுன் கிளம்புவார், அண்ணனுக்கு வாராவாரம் ஷிப்ட் மாறும், தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி யாரும் படுப்பதே இல்லை. ஸ்மார்ட் பிளக்கில் போனிலிருந்தே அணைக்கலாம். வெளியூரில் இருந்தாலும் கை எட்டும், அது வசதிதான்.

ஆனால் எனக்கு இதைத் தீர்த்து வைத்தது இடி. ஏப்ரல் மாதத்திலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று மாறும்போது மாலையானால் பேராக்கில் இடி கொட்டும். வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் கரண்டை வெட்டும் ஸ்விட்ச்) விழும். வேலை முடிந்து யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் தூக்கிவிட வேண்டும். நான் ஈப்போவில் வேலை பார்க்கிறேன். கரண்ட் திரும்பியதும் கண்ணாடி யார் கையும் படாமல் பழையபடி ஓட வேண்டும். அத்தையிடம் போனில் 'அந்த ஒயரைப் பிடுங்கிச் செருகுங்க' என்று சொல்லும் நிலைமை வரக்கூடாது.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றல்ல. ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் உள்ள பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எழுந்து, இணையம் கிடைத்தால்தான் சரியான மணிக்கு வரும். இடி முதலில் தின்பதே ரவுட்டரைத்தான். மாலை 5 மணிக்குப் போன கரண்ட் 9 மணிக்கு வந்து, ரவுட்டரும் செத்திருந்தால், பையின் கணக்கில் இன்னும் 5 மணிதான். 10 மணிக்கு அணைய வேண்டிய திரை ராத்திரி 2 மணிக்கு அணையும். டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் இது தீரும். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும்.

ஸ்மார்ட் பிளக்கும் ரவுட்டரை நம்பித்தான் பிழைக்கிறது. அதைவிட மோசம், பல மானிட்டர்கள் கரண்ட் வந்ததும் தானாக எரியாது, பட்டனை அமுக்க வேண்டும். பட்டனோ கண்ணாடியின் சட்டத்துக்குள்ளே போய்விட்டது. அதனால் மானிட்டர் எரியும்போதே சுவர் ஸ்விட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டுப் பாருங்கள். தானாக எரியாத மானிட்டர் எந்த வழிக்கும் ஆகாது. பிளக் போட்டவருக்கு அந்தத் தலைவலி தினமும். பையையும் அதே பிளக்கில் மாட்டிச் சட்டென்று கரண்டை வெட்டினால் எஸ்டி கார்டு ஒரு நாள் கெடும்.

சென்சாருக்கு மணியும் தெரிய வேண்டாம், இணையமும் வேண்டாம். கரண்ட் வந்து ஒரு நிமிடத்துக்குள் நிதானத்துக்கு வரும். அப்புறம் ஆள் நடந்தால் பைக்கு 3.3 வோல்ட் சைகை போகும், திரை எரியும்.

பொருத்தும்போது சில விஷயங்கள். உடல் சூட்டின் அகச்சிவப்பு கண்ணாடியையும் அக்ரிலிக்கையும் தாண்டாது, ஆகவே சென்சாரைத் திரைக்குப் பின்னால் ஒளிக்க முடியாது. சட்டத்தின் கீழ் விளிம்பில் துளை போட்டு வெள்ளை லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி வைத்தேன். பையின் வைஃபைக்கு மிக அருகில் இருந்தால் ஆளில்லாமலே சைகை கொடுக்கும். ஒயரை நீட்டித் தள்ளி வையுங்கள். லென்ஸின் கீழ்ப்பாதியில் கறுப்பு டேப் ஒட்டியதும் பூனைக்காக எரிவது நின்றது. தகரக் கூரைக்குக் கீழே மதியம் காற்றும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துவிடும், சென்சாரின் கண் மங்கும், தூரத்து நடமாட்டம் தெரியாது. கண்ணாடி பார்க்கக் கிட்டே வருகிறவருக்கு அது போதும். சென்சாரில் உள்ள தாமதத் திருகைக் குறைவாக வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் அசைவில்லை என்றால் அணைக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டிருக்கிறேன்.

எல்டி2410 போன்ற 24 கிகாஹெர்ட்ஸ் ராடார் துண்டுகள் இதைவிடக் கெட்டி. அசையாமல் நிற்கும் ஆளையும் மூச்சசைவால் கண்டுபிடிக்கும். தமானில் (குடியிருப்புப் பகுதி) செங்கல் வீட்டில் இருக்கும் சித்தப்பா மகன் அதைத்தான் வைத்திருக்கிறான், திருப்தியாக இருக்கிறான். எங்களுடையது பலகைத் தடுப்புப் போட்ட வீடு. ராடார் பலகையைத் துளைத்து அடுப்படியில் அம்மா நடப்பதையும் கணக்கில் எடுத்தது. 0.75 மீட்டர் படிகளாகத் தூரத்தைக் குறைக்கலாம். குறைத்தேன், ஓரளவு அடங்கியது. அதற்குள் பிஐஆர் பழகிவிட்டதால் கழற்றிவிட்டேன். கொஞ்ச நாள் பார்த்ததை வைத்து ராடார் நீண்ட காலம் எப்படி உழைக்கும் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எந்த வழியானாலும், பழைய யூடியூப் வீடியோக்களில் வரும் திரை அணைக்கும் ஆணையை அப்படியே எடுக்காதீர்கள். 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பில் பை 4, பை 5 இரண்டும் திரையைக் கையாள வேலேண்டு என்ற புது முறைக்கு மாறிவிட்டன. அங்கே டபிள்யுஎல்ஆர்-ரேண்ட்ஆர் (wlr-randr) என்ற ஆணை மூலம் எச்டிஎம்ஐ வெளியீட்டை அணைக்க வேண்டும். சைகை நின்றதும் சில மானிட்டர்கள் 'சிக்னல் இல்லை' என்று ஒரு பெட்டியைச் சில விநாடி காட்டிவிட்டுத்தான் அணையும்.