கோல்ஃப் கார்ட்டில் ஸ்டீரியோ: கரன்ட்டை எங்கிருந்து எடுப்பது?

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும்கூட கோல்ஃப் கார்ட்டில்தான் போகிறார்கள். ஊருக்குள் கார்ட் ஓடுவதற்கான பாதை மட்டும் 100 மைலுக்கு மேல் இருக்கிறது. ஃப்ளோரிடாவின் தி வில்லேஜஸிலும் இதே கதைதான். தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் பாட்டு இல்லாமல் எப்படி? சிக்கல் ஒன்றே ஒன்று: கார் ஸ்டீரியோ கேட்பது 12 வோல்ட், மின்சார கார்ட்டில் இருப்பதோ 36 அல்லது 48 வோல்ட். இந்த இடைவெளியைக் கடக்க நாலு வழி உண்டு. நாலும் சமம் இல்லை.

பலரும் முதலில் செய்வது, 36 வோல்ட் வண்டியின் சீட்டைத் தூக்கி, வரிசையில் இருக்கும் ஆறு 6 வோல்ட் பேட்டரியில் இரண்டிலிருந்து நேரே லைன் எடுப்பது. ஒரு ஃபியூஸ், கொஞ்சம் வயர், அவ்வளவுதான் செலவு. அன்று சாயங்காலமே பாட்டு பாடும். அதனாலேயே இந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை. என்னைக் கேட்டால், இதைச் செய்யவே கூடாது.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்டீரியோ சராசரியாக 4 ஆம்பியர் இழுக்கிறது, 3 மணி நேரம் பாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் 12 ஏஹெச் (ஆம்பியர்-மணி: ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது) போய்விடும். மற்ற நான்கிலிருந்து ஒன்றுமே போகாது. ராத்திரி சார்ஜர் போடுகிறோம். சார்ஜருக்குத் தனித்தனிப் பேட்டரி தெரியாது. ஆறும் சேர்ந்த மொத்த வோல்ட்டைப் பார்த்துத்தான் அது நிறுத்தும். நான்கு பேட்டரி முன்கூட்டியே நிறைந்து வோல்ட்டை ஏற்றிவிட, இளைத்த இரண்டும் பாதி வயிற்றோடு நிற்கும். நிறைந்தவை கொதித்துத் தண்ணீரை இழக்கும், நிறையாதவற்றின் தகட்டில் சல்பேட் படியும். ஆக ஆறுமே கெடுகிறது, ஆளுக்கு ஒரு விதமாக.

எங்கள் தெருவில் ஒருவருடைய 36 வோல்ட் வண்டியில் இது கண் முன்னாலேயே தெரிந்தது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட பிறகு காலையில் சீட்டைத் தூக்கி, ஆசிட்டின் அடர்த்தியை வைத்துச் சார்ஜைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்த்தோம். நான்கு பேட்டரியில் மிதவை 1.270 பக்கம் நின்றது. ஸ்டீரியோவுக்கு லைன் போன இரண்டிலும் 1.180-ஐ எட்டவே திணறியது. நன்றாக இருந்த நான்கிலும் தண்ணீர் குறைந்து தகட்டின் விளிம்பு வரை இறங்கியிருந்தது. அந்த இரண்டை மட்டும் புதிதாக மாற்றினாலும் பயன் இல்லை. பழசும் புதுசும் ஒரே வரிசையில் ஒத்துப்போகாது. ஒரு முழு செட்டின் விலைக்கு முன்னால், வோல்ட்டை இறக்கித் தரும் கன்வர்ட்டரின் விலை ஒன்றுமே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை.

8 வோல்ட் பேட்டரி ஆறு உள்ள 48 வோல்ட் வண்டியில் இந்த வழி இன்னும் மோசம். இரண்டு சேர்ந்தால் 16 வோல்ட், சார்ஜரைக் கழற்றிய சூட்டில் 17. பெரும்பாலான கார் ஸ்டீரியோ தாங்குவதே 16 வரைதான். இதற்கென்று 16-ஐ 12 ஆக்கும் சின்ன ரெடியூசர் விற்கிறார்கள். அது வோல்ட்டைத்தான் சரி செய்யும். இரண்டு பேட்டரி மட்டும் இளைப்பது அப்படியே தொடரும்.

இன்னொன்று, காரில் பாடி முழுவதும் நெகட்டிவ். கோல்ஃப் கார்ட்டில் அப்படி இல்லை. வண்டியின் சட்டத்துக்கும் (ஃப்ரேமுக்கும்) பேட்டரிக்கும் தொடர்பு கிடையாது. ஸ்டீரியோவின் தகரக் கூடோ, உள்ளே நெகட்டிவோடு இணைந்தது. அதைச் சட்டத்தில் முடுக்கிவிட்டு, வேறொருவர் விளக்குக்கு வேறு ஜோடியிலிருந்து லைன் எடுத்து அதன் எர்த்தையும் சட்டத்தில் கொடுத்திருந்தால், நடுவில் இருக்கும் பேட்டரிகள் சட்டம் வழியாகவே ஷார்ட் ஆகும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகிற இடத்தில் அந்தத் தீப்பொறியை யார் விரும்புவார்கள்?

இரண்டாவது வழி, டிசி-டிசி கன்வர்ட்டர். வரிசையின் கடைசிப் பாசிட்டிவிலும் கடைசி நெகட்டிவிலும் மாட்டி, முழு வோல்ட்டையும் வாங்கி 12-ஆக இறக்கித் தரும். ஆறு பேட்டரியும் ஒரே அளவில் இறங்கும். மேலே சொன்ன அதே 3 மணி நேரப் பாட்டுக்கு 36 வோல்ட் வண்டியில் ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் 5 ஏஹெச்தான் போகும், அதுவும் சமமாக. மேட்டில் ஏறும்போது மோட்டார் 200 ஆம்பியர் இழுத்து வோல்ட் சரிந்தாலும் கன்வர்ட்டர் தன் பக்கத்தை நிலையாக வைத்துக்கொள்ளும். நேரே லைன் எடுத்த வண்டியில் அந்த இடத்தில்தான் பாட்டு விக்கும்.

வாங்கும்போது ஐசொலேட்டட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வருகிற நெகட்டிவும் வெளியே போகிற நெகட்டிவும் அதில் தனித்தனி. ஷார்ட் பயமும் குறையும், மோட்டார் கன்ட்ரோலரின் கீச்சொலி ஸ்பீக்கருக்கு வருவதும் பெரும்பாலும் நிற்கும். 48 வோல்ட் வண்டி சார்ஜில் இருக்கும்போது 60 வோல்ட்டை எட்டும். அதைத் தாண்டியும் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். வெறும் ஸ்டீரியோவுக்கு 20 ஆம்பியர் கன்வர்ட்டர் தாராளம். உள்ளே வரும் லைனில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். சும்மா இருக்கும்போதும் கன்வர்ட்டர் கொஞ்சம் குடிக்கும் என்பதால் சாவியோடு சேர்த்து ஒரு ரிலே (கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச்) வைப்பது நல்லது. அப்படி வைத்தால் ஸ்டீரியோவின் மஞ்சள் வயருக்கும் கரன்ட் நின்று, நேரமும் ஸ்டேஷன்களும் அழிந்துபோகும். ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் கேட்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கிளப் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1995-க்குப் பிறகு வந்த பல 48 வோல்ட் கிளப் கார்களில் ஒரு ஆன்போர்ட் கம்ப்யூட்டர் உண்டு. எவ்வளவு கரன்ட் வெளியே போனது என்று எண்ணி வைத்து, அதற்கேற்ப சார்ஜரை நிறுத்துவது அதுதான். கன்வர்ட்டரின் நெகட்டிவை நேரே பேட்டரியில் கொடுத்தால் பாட்டுக்குப் போன கரன்ட் அந்தக் கணக்கில் வராது. சார்ஜர் சீக்கிரமே நின்றுவிடும். கன்ட்ரோலரின் நெகட்டிவ் முனையில் கொடுங்கள்.

மூன்றாவது வழி, பாட்டுக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி. வண்டியின் மின்சாரத்தைத் தொடவே வேண்டாம் என்பது இதன் பெரிய அழகு. வாரன்டி முடியாத வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் பொருந்தும். 35 ஏஹெச் ஏஜிஎம் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஈய வகை) பேட்டரியைப் பாதி வரை இறக்கினால் 4 ஆம்பியரில் நாலு மணி நேரம் ஓடும். தொந்தரவு என்னவென்றால் பத்து கிலோவுக்கு மேல் எடை, அதற்கென்று தனி சார்ஜர், அதைப் போட மறக்காத ஞாபகம். லித்தியத்தில் வாங்கினால் எடை நன்றாகக் குறையும், விலை ஏறும்.

சப்-வூஃபர், பெரிய ஆம்ப்ளிஃபையர் என்று போகிறவர்களுக்கு கன்வர்ட்டரையும் தனிப் பேட்டரியையும் கலப்பதுதான் சரி. தாளம் விழுகிற கணத்தில் 40 ஆம்பியர் தேவைப்படும். அதற்கு ஏற்ற கன்வர்ட்டர் தேடினால் பர்ஸ் காலியாகும். சின்னக் கன்வர்ட்டர் ஒன்று சின்ன 12 வோல்ட் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கட்டும், ஆம்ப்ளிஃபையர் அந்தப் பேட்டரியிலிருந்து குடிக்கட்டும். பேட்டரிக்கு ஏற்ற சார்ஜ் வோல்ட் தருகிற கன்வர்ட்டராக இருக்க வேண்டும். அது அணைந்திருக்கும்போது பேட்டரியிலிருந்து கரன்ட் திரும்பி வராமல் நடுவில் ஒரு ரிலேயும் வேண்டும்.

ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கப் ஹோல்டரில் வைப்பதையும் ஒரு வழியாகச் சேர்க்கத்தான் வேண்டும். வாரம் ஒரு தடவை மைதானத்தில் மெல்லப் பாட்டு கேட்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தினமும் ரோட்டில் ஓட்டுபவருக்கு, காற்றிலும் டயர் சத்தத்திலும் அது எடுபடாது.

சீக்கிரமே ஈய பேட்டரியை விட்டு லித்தியத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், யோசிக்காமல் கன்வர்ட்டருக்கே போங்கள். ஒரே பெட்டியாக வரும் 48 வோல்ட் லித்தியத்தில் நடுவிலிருந்து லைன் எடுக்க வழியே கிடையாது. நான்கு 12 வோல்ட் லித்தியமாக வாங்கி ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால், அது மற்றவற்றுக்கு முன்பே காலியாகி, அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டான பிஎம்எஸ் மொத்த வண்டியையும் நடுரோட்டில் அணைத்துவிடும்.