திருச்சியில் கிடைத்த சுஜாதா

மெல்போர்னில் பெண்களுக்கென்று விற்கும் கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவை என் மனைவியின் மெலிந்த மணிக்கட்டுக்குப் பெரியவை. அவள் ஆசைப்பட்டது, கல்லூரிக் காலத்தில் அவளுடைய அத்தை கட்டியிருந்த சாவி கொடுக்கும் எச்.எம்.டி. சுஜாதா. எட்டணா நாணய அளவில் டயல், நூல் போன்ற முட்கள். இந்த முறை திருச்சிக்குப் போனபோது அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. ஓசூரிலிருந்து டைட்டன் பேட்டரி கடிகாரங்களோடு வந்த பிறகு அதன் செல்வாக்கு சரிந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இந்தப் பழைய மாடலுக்குக் கம்பெனி சர்வீஸையோ புது உதிரிப் பாகத்தையோ நம்பியிருக்க முடியாது. நாம் வாங்கும் பழைய கடிகாரம் ஓடுவதும் நிற்பதும் அதைப் பழுது பார்த்தவர் கையில்தான் இருக்கிறது. அதனால் விலையைக் கேட்பதற்கு முன்பே, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் போனது கண்ணாடி அலமாரிகளும் குளிர்சாதனமும் கொண்ட பெரிய கடை. ‘பழைய ஸ்டாக், கை படாதது’ என்று ஒரு சுஜாதாவை எடுத்து வைத்தார்கள். டயல் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. எழுத்துகளின் ஓரம் மை கசிந்ததுபோல் மங்கியிருந்தது. மணிக்கோடுகள் நிமிடக்கோடுகளோடு நேராகச் சேரவில்லை. பழைய டயலைச் சுரண்டிவிட்டு மறுபடி பெயின்ட் அடித்தது என்பதற்கு இவை போதும். திறந்து காட்டச் சொன்னேன். “திறந்தால் கியாரண்டி போய்விடும் சார்” என்றார்கள். கேட்ட விலை 4,500 ரூபாய். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அவசரம் இருக்கும், ஆராய மாட்டார்கள் என்ற கணக்கில் இப்படி விற்பது எனக்குக் கோபத்தையே தந்தது.

தெப்பக்குளம் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையும் விளக்கும் மட்டும் வைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் உறவினர் ஒருவர் அனுப்பிவைத்தார். எல்லோரும் அவரை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒரு மாத்திரை டப்பாவிலிருந்து மூன்று சுஜாதாக்களை எடுத்துத் துணியில் பரப்பினார். நான் கேட்காமலேயே மூன்றின் பின்மூடிகளையும் சின்னக் கத்தியால் நெம்பித் திறந்தார். லென்ஸை என் கையில் கொடுத்து, “திருகுகளின் தலையைப் பாருங்கள் தம்பி. பிய்ந்திருந்தால் பழகாத கை பட்டிருக்கிறது என்று அர்த்தம்” என்றார்.

ஒன்றில் சாவித்தண்டு நுழையும் இடத்தில் துரு படிந்திருந்தது. “தண்ணீர் இறங்கியது. இதை விற்க மாட்டேன், பாகத்துக்கு வைத்திருக்கிறேன்” என்று ஒதுக்கிவிட்டார். வெள்ளை டயல் கொண்ட இன்னொன்றைப் பற்றி அவர் சொன்னது: டயலும் முட்களும் அசல், கண்ணாடி புதியது, சாவித் திருகு (சாவி கொடுக்கத் திருகும் குமிழ்) வேறு கடிகாரத்தினுடையது. டயலின் ஓரம் லேசாக மஞ்சளடித்திருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். சர்வீஸோடு 2,600 ரூபாய்.

பெண்கள் கடிகாரத்தைத் தொட இப்போது ஆட்கள் குறைவு என்றார் பாய். ஓட்டத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரம் அவ்வளவு சின்னது. எண்ணெய் கொஞ்சம் கெட்டியானாலும் ஓட்டம் தடுமாறிவிடும். முழுவதும் பிரித்து, பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்து, மல்லாத்தியும் கவிழ்த்தும் செங்குத்தாக நிறுத்தியும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே தருவேன் என்றார். சொன்ன நாளில் போனபோது தரவில்லை. செங்குத்தாக வைத்தால் ஒரு நாளில் நான்கு நிமிடம் பின்தங்குகிறதாம். பயணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அப்படியே கட்டிக் கொடுத்து அனுப்பாததற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. கடைசியில் வாங்கியபோது வித்தியாசம் ஒரு நாளைக்கு ஒரு நிமிடத்துக்குள் இருந்தது. இந்த வயதுக்கும் அளவுக்கும் அது நல்ல ஓட்டம்.

என் ஆஸ்திரேலியக் கைபேசி எண்ணில் நான் ஜிபே வைத்திருக்கவில்லை, பாயிடமும் ரொக்கம்தான். துண்டுச் சீட்டில் மாடல், தேதி, மாற்றிய பாகம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பட்டைக்குத்தான் அலைச்சல்: கடைகளில் தொங்குவதெல்லாம் 18, 20 மில்லிமீட்டர் அகலம். இதற்கு வேண்டிய மெல்லிய தோல் பட்டை பெரியகடை வீதியில் ஒரு பழைய கடையில் கிடைத்தது.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். சாவித் திருகு இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட கைப்பை இவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. பேலன்ஸ் சக்கரத்தோடு சேர்ந்த மெல்லிய சுருள்வில்லான ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக வேகமெடுக்கும். காந்தம் நீக்கும் கருவி இருக்கும் கடையில் ஒரு நிமிட வேலை. இதையெல்லாம் பாய் என் மனைவியிடமே தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னார்.

ஊருக்குப் போய் இப்படி ஒன்று வாங்க நினைப்பவர்கள், இறங்கிய முதல் வாரத்திலேயே கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்து சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். வார நாள்களில் காலையில் போனால், திறந்து காட்டிப் பேச, பழுது பார்ப்பவர்களுக்கும் நேரம் இருக்கும்.