எரிபொருள் தீர்ந்துவரும் செயற்கைக்கோளை என்ன செய்யலாம்?

மாடியில் இருக்கும் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும், அப்புறம் தொட வேண்டியதில்லை. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவதுதான் காரணம். ஆனால் அது தானாக அப்படி நிற்பதில்லை. நிலவும் சூரியனும் அதன் பாதையைச் சாய்த்துக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய எரிபொருள் வேண்டும். சுமார் 15 ஆண்டுகளில் அது தீரும் நிலைக்கு வரும்போது, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் பல நேரம் நன்றாகவே இருக்கும். உள்ளே எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்பதும் கணக்குப் போட்டுச் சொல்வதுதான். எடையற்ற நிலையில் திரவம் தொட்டிக்குள் மிதப்பதால் நேராக அளக்க முடியாது.

அந்த நேரத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது புதிதாக ஒன்றை ஏவுவது. கூடுதல் திறனும் புதிய அலைவரிசைகளும் வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஆனால் கட்டி முடிக்கவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும், செலவும் பல கோடி டாலர். புதியது என்பதற்காக நீண்ட நாள் உழைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2016 ஜனவரியில் ஏவிய இன்டெல்சாட் 29இ என்ற செயற்கைக்கோள், 2019 ஏப்ரலிலேயே செயலிழந்தது.

இரண்டாவது வழி சாய்ந்த பாதை. எரிபொருளில் பெரும்பங்கை விழுங்குவது வடக்கு தெற்கு நகர்வைத் திருத்தும் வேலைதான். அதை நிறுத்திவிட்டுக் கிழக்கு மேற்கை மட்டும் கவனித்தால், ஓராண்டுக்கு வைத்திருந்த எரிபொருள் பல ஆண்டுகளுக்கு வரும். பதிலுக்கு, பாதை ஆண்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாயும். செயற்கைக்கோள் வானத்தில் தினமும் 8 போல ஒரு கோடு போடும். கப்பல்களிலும் பெரிய தரைநிலையங்களிலும் இருக்கும் ஆன்டெனாக்கள் அதன் பின்னாலேயே திரும்பும். வீட்டு டிஷ் திரும்பாது. அதனால் டிடிஎச் சேவைக்கு இந்த வழி சரிப்படாது.

இந்தக் குறையே வரமாகிப்போன கதை ஒன்று உண்டு. 1976இல் ஏவிய மாரிசாட் 2 என்ற செயற்கைக்கோளின் கதை அது. நிலநடுக்கோட்டுக்கு மேலேயே நிற்கும் கோள் எதுவும் தென்துருவத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அடிவானத்துக்குக் கீழே போய்விடும். பாதை நன்றாகச் சாய்ந்துவிட்ட மாரிசாட்டோ தினமும் சில மணி நேரம் எட்டிப் பார்த்தது. அங்குள்ள அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையத்துக்கு அதன் வழியாகத் தரவு போய்வந்தது. 32 ஆண்டு உழைத்து, 2008இல்தான் ஓய்வுபெற்றது. பழையதைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, இழுவைத் துணை. நார்த்ரப் கிரம்மன் நிறுவனத்தின் எம்இவி-1 என்ற துணை விண்கலம், 2020 பிப்ரவரி 25 அன்று, 2001இல் ஏவிய இன்டெல்சாட் 901-ஐப் பிடித்தது. இணைவதற்கென்று எந்த அமைப்பும் இல்லாத கோள் அது. அதன் பெரிய இன்ஜினின் கூம்புக்குள் ஒரு கம்பியை நுழைத்துத்தான் பற்றிக்கொண்டது. எரிபொருள் நிரப்பவில்லை; தானே அதன் இன்ஜினாகிவிட்டது. டிரான்ஸ்பாண்டர்கள் நல்ல நிலையில் இருந்து, வாடிக்கையாளர்களின் டிஷ் திரும்பாததாக இருந்தால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். வாடகை உண்டு, ஆனாலும் புதிய கோளின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

சாய்ந்த பாதையில் போகிறவர்கள் ஓய்வுபெற்ற செயற்கைக்கோள்களை ஒதுக்கிவிடும், சுமார் 300 கிலோமீட்டர் மேலே உள்ள கல்லறைப் பாதைக்கு ஏறக் கடைசிச் சொட்டு எரிபொருளைக் கட்டாயம் ஒதுக்கிவைக்க வேண்டும். 901-க்கு அந்தக் கவலையும் இல்லை. ஐந்தாண்டு கூடுதல் சேவை முடிந்ததும் எம்இவி-1 அதை மேலே கொண்டுபோய் விட்டது. 2025 ஏப்ரலில் பிரிந்து, ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் டி3 செயற்கைக்கோளை நோக்கிக் கிளம்பியது.