டெபியன் டெஸ்டிங்குக்கு எப்போது மாறலாம்?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்று மூன்று கிளைகளாகக் கிடைக்கிறது. ஸ்டேபிளில் மென்பொருள் பழசு, ஆனால் ஆடாமல் ஓடும். அன்ஸ்டேபிளில் எல்லாம் புதுசு, என்றைக்கு எது உடையும் என்று தெரியாது. இதற்கு மேல் இந்த இரண்டைப் பற்றியும் விளக்கத் தேவையில்லை. குழப்பமே நடுவிலுள்ள டெஸ்டிங்கில்தான். என் கணினியில் பெரும்பாலும் ஸ்டேபிள்தான் இருக்கும். டெஸ்டிங்தான் பின்னால் அடுத்த ஸ்டேபிள் பதிப்பாக வெளியாகும். அதற்காகப் புது மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் 'ஹார்ட் ஃப்ரீஸ்' கட்டம் தொடங்கிய பிறகே டெஸ்டிங்குக்குப் போவேன்.

மற்ற நாட்களில் ஏன் வேண்டாம்? அன்ஸ்டேபிளில் பெரிய பக் எதுவும் புதிதாக முளைக்காமல், பொதுவாக 2 முதல் 10 நாள் தாங்கிய பேக்கேஜ்தான் (மென்பொருள் தொகுப்புதான்) டெஸ்டிங்குக்கு வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும்பாலும் அதே வரிசையில் நின்றுதான் வரவேண்டும். நடுவில் ஒரு லைப்ரரி மாற்றம் வழியை அடைத்தால், அன்ஸ்டேபிளில் சரியான ஓட்டை டெஸ்டிங்கில் திறந்தே கிடக்கும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ஒளித்துவைக்கப்பட்ட பின்கதவு அம்பலமானபோது டெஸ்டிங்கும் அன்ஸ்டேபிளும் மாட்டிக்கொண்டன, ஸ்டேபிள் தப்பியது.

என் முடிவைத் தீர்மானித்தது இதைவிடப் பெரிய விஷயம்: திரும்பி வர வழி கிடையாது. டவுன்கிரேடை டெபியன் ஆதரிப்பதில்லை. பேக்கேஜ்களோடு வரும் ஸ்கிரிப்டுகள் பழையதிலிருந்து புதியதற்குப் போகவே எழுதப்பட்டவை. டிஸ்க்கின் முந்தைய நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்பார்கள். இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வை மட்டும் பின்னுக்கு இழுத்தால், உங்கள் சொந்தக் கோப்புகளுக்கான ஹோமில் இருக்கும் தரவுகள் புதிய வடிவத்திலேயே நிற்கும். புதிய ஃபயர்ஃபாக்ஸில் திறந்த ப்ரொஃபைலைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் ஏற்காது, வேறு ப்ரொஃபைல் உருவாக்கச் சொல்லும். சரி, ஹோமையும் சேர்த்து இழுக்கலாம் என்றால், இடையில் எழுதிய கோப்புகள் போய்விடும். அதனால் ஸ்னாப்ஷாட்டை நம்பி டெஸ்டிங்கில் இறங்காதீர்கள். ஹோமை, மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புகளோடு, முதலில் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள்.

ஃப்ரீஸ் காலத்தில் திரும்ப வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது. ட்ரிக்ஸி என்று பெயரிட்ட பதிப்புக்கு 2025 மே 15 அன்று ஹார்ட் ஃப்ரீஸ் தொடங்கியது. அதன்பின் முக்கியமான பேக்கேஜ்கள் வெளியீட்டுக் குழுவின் அனுமதியில்லாமல் உள்ளே வரவில்லை. வந்தவையும் பெரும்பாலும் திருத்தங்களே. ஆகஸ்ட் 9 அன்று அதுவே டெபியன் 13 ஆனது. பேக்கேஜ்களை எந்தக் கிளையிலிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸ் கோப்பில் 'டெஸ்டிங்' என்று போடாமல் 'ட்ரிக்ஸி' என்று பெயரைப் போட்டிருந்தவர்கள் தாமாகவே ஸ்டேபிளுக்கு வந்து சேர்ந்தார்கள். மற்றவர்களுக்கு அடுத்த பதிப்பான ஃபோர்கியின் புது வெள்ளம் பாயத் தொடங்கியது. சோர்ஸ் கோப்பிலுள்ள இந்த ஒரு வரியை அப்கிரேடுக்கு முன் கட்டாயம் பாருங்கள்.

அன்ஸ்டேபிளை அன்றாட வேலைக்கு நான் நீண்ட காலம் ஓட்டியதில்லை. நிறுவுமுன் பக்குகளைக் காட்டி எச்சரிக்கும் ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் போட்டு, ஒவ்வொரு அப்கிரேடுக்கும் முன்னால் பக் பட்டியலைப் படித்து, சிக்கலில்லாமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொறுமை இருந்தால், ஃப்ரீஸ் இல்லாத காலத்தில் டெஸ்டிங்கைவிட அதுவே மேல் என்று படுகிறது. புதிய கர்னலோ ஓரிரு நிரல்களோ மட்டும் வேண்டுமென்றால் இந்தத் தாவலே வேண்டாம், புதிய பேக்கேஜ்களை ஸ்டேபிளுக்கு ஏற்றபடி தரும் பேக்போர்ட்ஸில் தேடுங்கள்.

இதெல்லாம் சொந்தக் கணினிக்கு. பிறர் நம்பியிருக்கும் சர்வரை நான் ஃப்ரீஸில் தொடமாட்டேன். வெளியீட்டுக்குப் பிறகும் திருத்தங்களைத் தொகுத்துத் தரும் முதல் பாயிண்ட் ரிலீஸ் வரட்டும் என்று காத்திருப்பேன். ட்ரிக்ஸிக்கு அது 2025 செப்டம்பரிலேயே வந்துவிட்டது.