பழைய லாரி: பிஎஸ்-3 வாங்கலாமா, பிஎஸ்-6 வாங்கலாமா?

பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) என்பது புகை மாசுக்கான அரசு விதி; எண் கூடக்கூடக் கண்டிப்பு அதிகம். 2017 மார்ச் வரை விற்ற பிஎஸ்-3 லாரிகளில் பலவற்றுக்கு இன்லைன் டீசல் பம்ப்தான், அதாவது கணினி இல்லாத மெக்கானிக்கல் பம்ப். கரும்புகை வந்தால் டீசல் தெளிக்கும் நாசிலைப் பார்த்து, பம்ப் அளவைச் சரிசெய்தால் (காலிபரேஷன்) போதும். உள்ளூர்ப் பட்டறையிலேயே முடியும். பெரிய செலவு என்ஜினுக்குள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்கள். புகை விட்டுவிட்டு வேகமாகத் தள்ளினால் ரிங், லைனர் தேய்ந்திருக்கும். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆறு சிலிண்டருக்கும் லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றினால் லட்ச ரூபாயைத் தாண்டும்.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6-இல் என்ஜின் இளசு, தொல்லை சைலன்சர் பக்கம். புகை மாசைக் குறைக்க சைலன்சரில் தெளிக்கும் யூரியா கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், கரைசலும் சுத்தமாக இருக்க வேண்டும். உர யூரியாவைத் தண்ணீரில் கலக்கி ஊற்றிய வண்டியில் உப்புப் படிந்து கரைசல் தெளிக்கும் டோசிங் நாசில் அடைக்கும், புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரும் போகும். கோளாறு நீடித்தால் கணினியே இழுவையைக் குறைத்துவிடும். லோடு வண்டி மேட்டில் திணறும். எப்போதும் குறுந்தூரம் ஓடிய வண்டியில், கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் சூடேறாமல் கரி நிரம்பும். டீசலில் தண்ணீர் கலந்தால் உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜெக்டர்கள் கெடும், அது சின்னச் செலவல்ல.

குவாரி, உள்ளூர் மண் ஓட்டத்துக்கு, என்ஜின் நன்றாக இருந்தால் பிஎஸ்-3தான் என் தேர்வு. நெடுந்தூரத்துக்கு பிஎஸ்-6. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன், வண்டிக் கணினியில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடுங்கள். கோளாறுக் குறியீடு (எரர் கோட்) எதுவும் இல்லையென்றால் அதை நம்பாதீர்கள், அழித்திருக்கலாம்; லோடோடு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பின் அச்சு கியரான கிரௌன் பினியனின் சத்தம், முன் சக்கரம் திரும்பும் கிங்பின்னின் ஆட்டம்: இவற்றுக்கு பிஎஸ்-3, பிஎஸ்-6 இரண்டிலும் ஒரே சோதனைதான்.