நாற்பதைத் தாண்டி மறுபடி பிஎம்எக்ஸ்: 20 அங்குலமா, 24 க்ரூசரா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் பிஎம்எக்ஸ் (மண்மேட்டில் ஏறிக் குதித்து ஓட்டும் சின்னச் சக்கர சைக்கிள்) பந்தயத்தின் மூன்று பதக்கங்களையும் பிரான்ஸ்காரர்களே அள்ளிக்கொண்டு போனதை செல்போனில் பார்த்த ராத்திரிதான் இந்தக் கிறுக்கு திரும்பப் பிடித்தது. பள்ளிக்கூட நாளில் புளியரைப் பக்கம் செங்கல் சூளை மேட்டில் வாடகை சைக்கிளை ஏற்றிக் குதித்து, ஃபோர்க்கை வளைத்துக்கொண்டு வந்து நின்றவன் நான். இப்போது வயது 42, உயரம் ஐந்தடி ஒன்பது, எடையைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் மண்டையை உடைத்துவிட்டு 20 அங்குல அலுமினிய ரேஸ் வண்டி எடுத்தேன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

கடையில் சுலபமாகக் கிடைப்பது ஃப்ரீஸ்டைல் பிஎம்எக்ஸ். ரேஸ் வண்டியின் செயின் சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 16. ஃப்ரீஸ்டைலில் 25-க்கு 9. வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், 2.75-க்கும் 2.78-க்கும் உள்ள வித்தியாசம். ஆனால் ஃப்ரீஸ்டைல் வித்தை காட்டச் செய்த வண்டி: கனம், தடித்த டயர், நின்றுகொண்டு நூறு மீட்டர் மிதித்தாலே மூச்சு வாங்கும். ரேஸ்தான் ஆசை என்றால் விட்டுவிடுங்கள்.

24 அங்குலச் சக்கரம் போட்ட ரேஸ் பிஎம்எக்ஸான க்ரூசரை அப்படித் தள்ள முடியாது. புனலூரில் மச்சானின் கூட்டாளி ஒருவரிடம் இருந்ததை இரண்டு சாயங்காலம் ஓட்டினேன். பெரிய சக்கரம், மேடு பள்ளத்தில் உருளும்போது இடுப்புக்கு அவ்வளவு சுகம். பந்தயங்களில் க்ரூசருக்குத் தனிப் பிரிவே உண்டு. கிளம்பும்போது மட்டும் சோம்பல். முதல் நாலு மிதியில் 20 அங்குலம் சட்டென்று பாய்வதுபோல் இது பாயாது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது சக்கர அளவு இல்லை, பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற சாமான். ஜூன் பிறந்தால் செங்கோட்டையில் சாரல். ஆகஸ்ட் வரை வண்டி முழுக்கக் காய்வதே இல்லை. அந்த க்ரூசரில் இருந்தது பல்சக்கரத்தைச் செருகி மாட்டும் கேசட் ஹப், தடித்த ஆக்சில். நாங்கள் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனபோது அண்ணாச்சி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது நம்ம ஊர் சாமான் இல்லியே, கழட்டிட்டு மாட்டத் தெரியாம நிக்கணுமே” என்றார். நான் எடுத்ததில் ஹப்பில் மரை வைத்துச் சுற்றி ஏற்றும் பல்சக்கரம், அதாவது ஃப்ரீவீல், இரண்டு பக்கமும் நட்டுப் போட்ட 10 மில்லி ஆக்சில். போன ஜூலையில் ஃப்ரீவீல் துருவேறி இறுகிப்போனது. 16 பல் எங்கேயும் இல்லை. சாதா சைக்கிளுக்குப் போடுகிற 18 பல்லை அண்ணாச்சி அதே மரையில் ஏற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். 44-க்கு 18 என்றால் 2.44; வேகம் பிடித்ததும் கால் காற்றில் சுற்றும், ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. கூரியரில் 16 வந்து சேர்ந்த பிறகும் 18-ஐயே கொஞ்ச நாள் வைத்திருந்தேன், தோப்புக்குள் நாங்கள் கொட்டி வைத்த செம்மண் மேட்டுக்கு அதுவே சுகமாக இருந்தது. செயினும் சாதா செயின்தான். வி-பிரேக் கட்டை எந்தக் கடையிலும் தொங்கும். கோட்டம் எடுக்கவும் ஊர்க்கடையே போதும்.

டயரில் ஒரு சூட்சுமம். 20 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் இரண்டு அளவு உண்டு: 20×1.75 என்பது 406 மில்லி ரிம்முக்கு, 20×1 3/8 என்பது 451-க்கு. ஒன்றில் மற்றது ஏறாது. சின்ன உடம்புக்காரர்களுக்கான ரேஸ் வண்டிகளில் 451 வரும். 406 என்றால் குழந்தைகள் சைக்கிள் ட்யூபே ஆபத்துக்கு உதவும்.

ஃப்ரேம் அளவில் என் உயரத்துக்கு ப்ரோ எக்ஸ்எல், அதாவது ப்ரோவைவிட ஒரு அளவு பெரியது. வெறும் ப்ரோவில் வளைவில் எழுந்து மிதித்தபோது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. க்ரோமோலி இரும்பு அதிர்வைத் தாங்கும் என்பார்கள், சரி, ஆனால் எங்கள் ஈரத்தில் குழாய்க்குள் எண்ணெய் விடாவிட்டால் உள்ளிருந்தே துரு தின்னும். கார்பன் நான் ஓட்டியதே இல்லை. செகண்ட் ஹேண்டில் பெயின்ட்டுக்கு அடியில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்ற பயத்திலேயே கிட்டப் போகவில்லை. அலுமினியம் வருஷக்கணக்கில் அடி வாங்கினால் வெல்டிங் பக்கம் விரியலாம். என்னுடையதற்கு ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, அதற்கு மேல் என்னால் சாட்சி சொல்ல முடியாது.

இடுப்போ முழங்காலோ ஏற்கெனவே தகராறு செய்கிறது என்றால் நீங்கள் க்ரூசரே எடுங்கள். பின்சக்கரம் மட்டும் நட்டுப் போட்ட ஆக்சிலா, ஃப்ரீவீல் மரையா என்று பணம் கட்டும் முன் போட்டோ கேட்டுப் பார்த்துவிடுங்கள்.